ஒரு அச்சுக்கட்டையில் எத்தனை டிசைன்?



சேலை, தலையணை உறை, மேஜை விரிப்பு என்று பிளாக் பிரிண்டிங் செய்யும் குழுக்கள் புது அச்சுக்கட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே கட்டையை வைத்து என்னென்ன டிசைன் போடலாம், எதற்கு இரண்டாவது கட்டை கட்டாயம் வேணும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் வீண் செலவு மிச்சம்.

மொத்தமே 17 வகைதான்

துணி, தரையில் பதிக்கும் டைல்ஸ், சுவரில் ஒட்டும் வால்பேப்பர் என எதை எடுத்தாலும், ஒரே உரு நாலா பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த உரு பூவாக இருக்கலாம், மயிலாக இருக்கலாம், அதற்குக் கணக்கே இல்லை. ஆனால் உரு திரும்ப வரும் முறையை வகை பிரித்தால் 17 மட்டுமே. பதினெட்டாவது கிடையாது. ரஷ்யாவைச் சேர்ந்த ஃபெடரோவ் என்ற அறிஞர் 1891-ல் இதை நிரூபித்தார். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1924-ல் 17 வகைக்கும் படமே போட்டுக் காட்டினார்.

எப்படி வகை பிரிக்கிறார்கள்?

டிசைனை ஒருமுறை அசைக்க வேண்டும். அசைத்த பிறகும் பழையபடியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அசைவுகள் நான்கு:

1. நகர்த்துவது: உரு திரும்பாமல் பக்கத்து இடத்துக்குப் போகிறது.

2. சுற்றுவது: அரைச் சுற்று, மூன்றில் ஒரு சுற்று, கால் சுற்று, ஆறில் ஒரு சுற்று. இந்த நான்குதான் உண்டு. ஐந்தில் ஒரு சுற்று ஒத்துவராது. ஐந்து இதழ் பூவைத் தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் முழுத் துணியையும் ஐந்தில் ஒரு சுற்று திருப்பினால் டிசைன் பழையபடி பொருந்தாது.

3. கண்ணாடி: கண்ணாடியில் தெரிவது போல இடது வலதாக மாறுகிறது.

4. காலடி: ஈர மணலில் நடந்தால் இடது கால், வலது கால் என்று தடம் மாறி மாறி விழும் அல்லவா? அதுபோல உரு நகர்ந்துகொண்டே இடம் வலம் மாறுகிறது.

இந்த நான்கில் எவை எவை, எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துத்தான் 17 வகை.

கட்டையால் முடியாதது எது?

மாங்காய் டிசைனை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். கட்டையை நகர்த்தலாம், சுற்றலாம். ஆனால் கவிழ்த்துப் போட்டு அச்சடிக்க முடியுமா? செதுக்கியது ஒரு முகத்தில்தானே! அதனால் வலப்பக்கம் வளைந்த மாங்காயை என்னதான் சுற்றினாலும், இடப்பக்கம் வளைந்த மாங்காய் வராது. அரைச் சுற்று சுற்றினால் தலைகீழாகத்தான் நிற்கும்.

ஆகவே மாங்காய் போன்ற உருவுக்கு ஒரே கட்டையில் கிடைப்பது 5 வகை: நகர்த்துவது மட்டும், அப்புறம் நான்கு விதச் சுற்றல். மீதி 12 வகையிலும் கண்ணாடியோ காலடியோ இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம் வளைந்த இன்னொரு கட்டை வேணும்.

தாமரையை நேராகப் பார்த்து வரைந்தால் இடமும் வலமும் ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட உருவில் கண்ணாடி ஏற்கெனவே உள்ளே இருப்பதால், கண்ணாடி வகை டிசைன்களுக்கும் அந்த ஒரு கட்டையே போதும். ஸ்டென்சிலை எடுத்துக்கொண்டால், சாயத்தைத் துடைத்துக் காயவைத்து மறுபக்கம் திருப்பிப் போடலாம். அதில் 17 வகையும் முடியும்.

ஆர்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* வாடிக்கையாளர் காட்டும் மாதிரியில் ஜோடி உருக்கள் எதிரெதிரே முகம் பார்க்கின்றனவா? உருவை மெல்லிய காகிதத்தில் வரைந்து, நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரு பாதியும் பொருந்தாவிட்டால் இரண்டு கட்டை செலவைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். விலை பேசி முடித்த பிறகு தெரிந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும்.

* இரண்டாவது கட்டைக்குத் தனியாகப் படம் வரைய வேண்டாம். டிரேசிங் காகிதத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தால் போதும்.

* உருக்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி வர வேணுமா? சதுரக் கட்டை கால் சுற்றுக்குப் பொருந்தும். நீளக் கட்டை அரைச் சுற்றுக்கு மட்டுமே. மூன்று, ஆறு சுற்றுக்கு அறுகோணக் கட்டை நல்லது.

செய்து பாருங்கள்

ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் வளைந்த மாங்காயைச் செதுக்குங்கள். பழைய செய்தித்தாளில் சாயம் தொட்டு நகர்த்தி ஒரு டிசைன், அரைச் சுற்றில் ஒன்று, கால் சுற்றில் ஒன்று என்று அச்சடியுங்கள். ஒரே மாங்காய் எத்தனை சேலைக்கு ஆகும் என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களைக் கொண்டுவாருங்கள். எந்த டிசைன் விற்கும் என்று எல்லோரும் சேர்ந்து பார்த்த பிறகு கட்டைக்குப் பணம் கொடுக்கலாம்.