பேண்டுக்குப் பேர் வச்சாச்சு, பத்திரம் எங்கே?

கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சீங்க, நல்ல கைதட்டல். அதைப் பார்த்து ஒருத்தர் கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிடுறார். "இனிமே தொடர்ந்து ஷோ பண்ணுவோம், வர்ற காசை அஞ்சு பேரும் பிரிச்சுக்குவோம்"னு முடிவு பண்றீங்க. அவ்வளவுதான், சட்டத்தின் பார்வையில் நீங்கள் பார்ட்னர்ஷிப் ஆகிவிட வாய்ப்பு அதிகம். 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்துக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயமில்லை. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பகிர ஒத்துக்கொண்டாலே போதும், வாய்ப்பேச்சும் செல்லும்.

இதுல என்ன சிக்கல்? மூணு இருக்கு.

ஒண்ணு, கடன். பேண்டுக்காக வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் போச்சுன்னா, கடைக்காரர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். மற்றவர்களிடம் வசூலிப்பது உங்க பாடு.

ரெண்டு, பங்கு. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமபங்குதான். பாட்டு போட்டவருக்கும், ரிகர்சலுக்கே வராதவருக்கும் ஒரே பங்கு.

மூணு, பதிவு. இது கட்டாயம் இல்ல. ஆனா பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மேல் போடலாம்!

சரி, வேற என்ன வழி?

தனி உரிமையாளர்: ஒருவர் பெயரில் பேண்ட், மற்றவர்களுக்கு ஷோவுக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒருத்தரே பாட்டு போட்டு, மத்தவங்க வந்து வாசிச்சுட்டுப் போற குழுவுக்கு இது சரி. பேரும் அவருக்கு, கடனும் அவருக்கு.

எல்எல்பி: 2008-ம் வருஷச் சட்டம். பேண்டின் கடன் பொதுவாக நீங்கள் போட்ட முதலோடு நின்றுவிடும், வீட்டுச் சொத்துக்கு வராது. பதிலுக்கு, வருமானமே இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யணும். டர்ன்ஓவர் 40 லட்சத்தையோ, முதல் 25 லட்சத்தையோ தாண்டினால்தான் ஆடிட் கட்டாயம்.

பிரைவேட் லிமிடெட்: முதல் வருஷத்திலிருந்தே ஆடிட் உண்டு. முதலீட்டாளர் யாரும் வராதவரை காலேஜ் பேண்டுக்கு இது ஓவர்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாட்டு தானாக பேண்டுக்குச் சொந்தமாகிவிடாது. காப்புரிமைச் சட்டப்படி மெட்டமைத்தவர்தான் அந்த இசையின் ஆசிரியர். பேண்டுக்கு மாற்றித் தர எழுத்து வேணும், கையெழுத்து வேணும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் அஞ்சு வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

என் கருத்து: மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஷோ பண்ற பேண்டுக்கு எழுதிப் பதிவு செய்த பார்ட்னர்ஷிப் போதும். காசும் கடனும் பெருசாகும்போது எல்எல்பிக்கு மாறலாம். 18 வயசு ஆகாத ஃபர்ஸ்ட் இயர் தம்பி இருந்தால் அவர் முழுப் பார்ட்னர் ஆக முடியாது, அதையும் பார்த்துக்கோங்க.

பத்திரத்தில் நாலு கேள்விக்கு பதில் இருக்கட்டும்: யாருக்கு எத்தனை பங்கு? பேண்ட் பெயர் யாருடையது? பழைய பாட்டை யார் பாடலாம்? ஒருத்தர் விலகினா அவருக்கு என்ன கிடைக்கும்?

பிளேஸ்மென்ட் வந்தா ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் புனே, ஒருத்தர் மாஸ்டர்ஸ்னு பிரிஞ்சிடுவீங்க. நாலாவது கேள்வியை இப்பவே, எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு இருக்கும்போதே எழுதி வைங்க. சண்டை வந்த பிறகு அந்தப் பேப்பரில் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.