நூறு மீட்டருக்கு ஒரு நாள்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில், மச்சாமே பாதையின் மூன்றாம் நாள் நடை விசித்திரமானது. காலையில் சுமார் 3,840 மீட்டர் உயரத்திலுள்ள ஷிரா முகாமிலிருந்து புறப்படும் குழு, ஆறேழு மணி நேரம் நடந்து பரன்கோ முகாமை அடைகிறது. அதன் உயரம் ஏறக்குறைய 3,960 மீட்டர். ஒரு பகல் முழுக்க நடந்ததற்கு நிகர வரவு நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். ஆனால் நடுவே, சுமார் 4,600 மீட்டரில் நிற்கும் லாவா டவர் என்ற எரிமலைப் பாறை வரை ஏறி இறங்கியாக வேண்டும்.

எல்லாம் காற்றுக்காகத்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. கரியமில வாயு கூடுதலாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றி அதைச் சமன்செய்யும். மலையில் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சங்கடப்பட ஏதுமில்லை, உடல் பழகுகிறது என்று பொருள். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் வந்து தூங்கினால், அதிக ஆபத்தில்லாமல் இந்தப் பழக்கம் கைவருகிறது.

வழிகாட்டி இல்லாமல் இம்மலையில் ஏற அனுமதி கிடையாது. முன்னால் நடக்கும் வழிகாட்டி 'போலே போலே' என்பார். சுவாஹிலியில் 'மெதுவாக, மெதுவாக'. திடகாத்திரமான இளைஞர்களுக்கு அந்த ஆமைநடை எரிச்சலூட்டும். வேகமாக ஏறித் தலைவலியில் படுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. லாவா டவரில் மதிய உணவு. லேசான தலைவலி, பசியின்மை, குமட்டல் அங்கே சகஜம். வழிகாட்டி கவனிப்பது வேறு: யாராவது தள்ளாடுகிறார்களா, பேச்சு குழறுகிறதா, உட்கார்ந்த பிறகும் மூச்சிரைப்பு அடங்கவில்லையா? இவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதன் அறிகுறிகள். உடனே கீழே இறக்குவதே முதல் மருத்துவம்.

சுமை தூக்குவோர் பெரும்பாலும் லாவா டவர் பக்கம் வருவதில்லை. கூடாரங்களையும் சமையல் சாமான்களையும் சுமந்து தாழ்வான பாதையில் நேரே பரன்கோவுக்குப் போய்விடுகிறார்கள். குழு வந்து சேரும்போது தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

இறக்கத்தில் தலைவலி தானாகவே தணிவதுண்டு. பள்ளத்தாக்கில், காய்ந்த இலைகளையே போர்வையாகச் சுற்றிக்கொண்ட ராட்சத செனேசியோ மரங்கள் வரவேற்கின்றன. முகாமுக்கு எதிரே பரன்கோ சுவர், சுமார் 250 மீட்டர் உயரம். மறுநாள் காலை அதில் கைகளையும் ஊன்றி ஏற வேண்டும்.