கேரம் காயும் கோயில் மணியும்

ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மதியம் கரண்ட் போய்விட்டது. பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் கேரம் போர்டையும் இயற்பியல் புத்தகத்தையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

“மாமா, ராமன் விளைவுல வெளிச்சம் மூலக்கூறுல பட்டு நிறம் மாறுதுன்னு போட்டிருக்கு. பட்டா படட்டும், நிறம் எதுக்கு மாறணும்?”

கையில் ஸ்ட்ரைக்கர் இருந்தது. உவமையும் கூடவே வந்துவிட்டது. வெளிச்சத் துகளை ஸ்ட்ரைக்கர் என்று வைத்துக்கொள், மூலக்கூறு காய். நேராக அடித்தால் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் நல்ல பங்கைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தயங்கும். ஓரத்தை உரசினால் அவ்வளவாக இழக்காது. வெளிச்சத்துக்கு வேகம் குறைய வழியில்லை. அதனால் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். “இவ்வளவுதானா!” என்றவள் ரெட்டைப் பாக்கெட் பண்ணி, ஃபாலோவும் போட்டுவிட்டாள்.

இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. நான் சொன்னது ராமன் விளைவே இல்லை; காம்ப்டன் விளைவு. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, ஆனால் ஒரே ஆள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பொருந்தாத உவமையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1928-ல் ராமன் விளைவையே கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வில் ராமனுக்குத் தோள் கொடுத்தவர் நம் பக்கத்து ஆள்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதைத் தாண்டி மதுரை ரோட்டில் போய், கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால், மலை அடிவாரத்தில் வத்திராயிருப்பு. கே.எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த ஊர் அது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு, 1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பாடப் புத்தகம் ராமன் பெயரோடு நின்றுவிடுவதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இவரைத் தெரியாது. அது தனிக் கதை.

அதே 1923-ல் அமெரிக்காவில் ஆர்தர் காம்ப்டன் எக்ஸ் கதிரை கிராஃபைட் மேல் விழவைத்து, சிதறி வரும் கதிரின் அலைநீளம் கூடியிருப்பதைக் காட்டினார். கதிர், துகள் மாதிரி எலெக்ட்ரான் மேல் மோதி ஆற்றலை இழக்கிறது என்பது அவர் விளக்கம். முழுக்க முழுக்க கேரம் போர்டு. கல்கத்தாவிலோ ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் அந்த வருஷமே நீரில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய மெல்லிய மினுக்கம் ஒன்றைப் பார்த்திருந்தார். திரவத்தில் ஏதோ அசுத்தம் இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று நினைத்து, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். மினுக்கம் போகவில்லை. ‘பலவீனமான ஒளிர்வு’ என்று ஒரு பெயரைக் கொடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 1927 கடைசியில் காம்ப்டனுக்கு நோபல் என்று செய்தி வந்ததும் ராமன் கிருஷ்ணனிடம், எக்ஸ் கதிருக்கு உண்மையென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் உண்மையாக இருக்க வேண்டுமே என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மினுக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியது அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பொருள்தான்.

பிப்ரவரி 1928. வெயிலை லென்ஸால் குவித்துத் திரவத்துக்குள் விட்டார்கள். வெயிலின் வழியில் ஒரு கருநீல ஃபில்டர், கூடவே ஒரு மஞ்சள்-பச்சை ஃபில்டர். ஒன்று விடுவதை மற்றது அடைக்கும், திரவத்துக்குள் இருட்டு. இப்போது அந்த மஞ்சள்-பச்சைக் கண்ணாடியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் வைத்தார்கள். அதே இரண்டு கண்ணாடி, இடம்தான் மாறியிருக்கிறது. நிறம் மாறாத ஒளி மட்டுமே இருந்தால் இப்போதும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒளித்தடம் தெரிந்தது. அதாவது உள்ளே போன ஒளியில் ஒரு சிறு பங்கு, வெளியே வரும்போது வேறு நிறமாகியிருக்கிறது. கருவி என்று பார்த்தால் இருட்டறையில் பழகிய கிருஷ்ணனின் கண்தான். ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று இப்படி மாறும்; அதைக் கண்ணால் பிடித்திருக்கிறார்கள். மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் இருவர் பெயரிலும் கடிதம் வந்தது. இருவரும் சேர்ந்து அடுத்து எழுதிய குறிப்பின் தலைப்பே ‘காம்ப்டன் விளைவின் ஒளியியல் ஒப்புமை’ என்பதுதான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். காம்ப்டன் மோதலில் அலைநீளம் எவ்வளவு கூடினாலும் 0.0049 நானோமீட்டருக்கு மேல் போகாது. எக்ஸ் கதிரின் அலைநீளமே நானோமீட்டரில் ஒரு சிறு பகுதி என்பதால் அங்கே அது பெரிய மாற்றம். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 400 முதல் 700 வரை. அதில் 0.0049 கூடினால் எந்த ஃபில்டரும் கண்டுகொள்ளாது. உவமை அச்சு அசலாகப் பொருந்தியிருந்தால் அந்த இருட்டறையில் ஒன்றுமே தெரிந்திருக்காது! பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஒளி பென்சீனில் பட்டு மாறும்போது 455.5 பக்கத்தில் ஒரு கோடு வருகிறது. கிட்டத்தட்ட இருபது நானோமீட்டர். காம்ப்டன் கணக்கைவிட நாலாயிரம் மடங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அந்த எண்ணை நினைவில் வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் இந்த இடைவெளி மாறுவதுமில்லை. கேரமில் கோணம்தான் எல்லாம். இங்கே அதற்கு வேலையே இல்லை. திரவத்தை மாற்றினால் இடைவெளி மாறும்.

இதைப் புரிந்துகொள்ள ராஜபாளையத்து மில்லுக்குள் போய் வரலாம். நூலுக்கு ‘கவுண்ட்’ சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதே கவுண்ட். நாற்பதைவிட எண்பது மெல்லிசு. எண் ஏற ஏற நூல் மெலியும். ஒளியை அளப்பவர்களும் இதே மாதிரி, ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்று எண்ணுகிறார்கள். அலை எண் என்று பெயர். எண் ஏற ஏற அலை குட்டை. பாதரச நீலம் சுமார் 22,945. பென்சீனில் பட்டு வந்தது சுமார் 21,953. வித்தியாசம் 992. இனி நீலத்தை விட்டுவிட்டுப் பச்சையை அனுப்பினாலும், பென்சீன் பிடித்துக்கொள்வது அதே 992-தான். அலைநீளத்தில் பார்த்தால் வித்தியாசம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வந்து குழப்பும். கவுண்டில் பார்த்தால் ஒரே எண். 

அந்த 992 ஒளியின் கணக்கல்ல, பென்சீனின் கணக்கு. கோயில் மணியை வடக்கே நின்று அடித்தாலும் தெற்கே நின்று அடித்தாலும், கல்லால் அடித்தாலும் கட்டையால் அடித்தாலும் அதன் நாதம் ஒன்றுதான். மூலக்கூறுக்குள் அணுக்கள் ஸ்பிரிங்கால் கட்டியது போல் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலை ஒளியிடமிருந்து எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. அடித்தது காய் அல்ல, மணி. காம்ப்டனோடு பொருந்தாமல் போன அந்த இடத்திலிருந்துதான், எந்தப் பொருள் எது என்று சிதறும் ஒளியைக் கொண்டே அடையாளம் காணும் கலை வந்தது.

உவமையை நம் முன்னோர் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பிறக்கும் இடத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. புலி மாதிரிப் பாய்ந்தான் என்றால் வினை. மாரி போன்ற கை என்றால் பயன். துடியிடை மெய், அதாவது வடிவம். பவளவாய் உரு, நிறம். 1983-ல் டெட்ரே ஜென்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், அறிவியலுக்கு உதவும் ஒப்புமை பொருள்களின் தோற்றத்தில் இல்லை, அவற்றுக்கிடையே நடக்கும் உறவில் இருக்கிறது என்று ஒரு கொள்கை வகுத்தார். மெய்யையும் உருவையும் விடு, வினையையும் பயனையும் பிடி என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். எக்ஸ் கதிருக்கும் வெயிலுக்கும் உருவில் என்ன ஒற்றுமை? வினையில்தானே ராமன் ஒற்றுமையைத் தேடினார்!

ஆண்டாளின் திருப்பாவை நான்காம் பாசுரத்தையும் இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். மேகத்தின் கருமைக்குத் திருமாலின் மேனி, மின்னலுக்குச் சக்கரம், இடிக்குச் சங்கு என்று உவமைகள் அடுக்கி வரும். கண்ணும் காதும் நிறையும். ஆனால் மழை எப்படி வருகிறது என்பதை அவை சொல்வதில்லை. அது வினைச்சொற்களில் இருக்கிறது: கடலுக்குள் புகுவது, முகந்துகொள்வது, மேலே ஏறுவது. 

சரி, வினையைப் பிடித்துவிட்டால் போதுமா? போதாது. அதே டெட்ரே ஜென்ட்னரும் டொனால்ட் ஜென்ட்னர் என்பவரும் மாணவர்களை மின்சுற்றுக் கணக்குப் போடவைத்தார்கள். கரண்டைத் தண்ணீராக நினைத்தவர்கள் பேட்டரிக் கணக்கில் தேறினார்கள்; கூட்டமாக நினைத்தவர்கள் ரெசிஸ்டர் கணக்கில் தேறினார்கள். ஏன் என்று நம்ம ஊரில் வைத்தே பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி மேல் இன்னொரு தொட்டி வைத்தால் குழாயில் வேகம் கூடும். பக்கத்தில் வைத்தால் கூடாது, நேரம்தான் கூட வரும். பேட்டரியும் அப்படித்தான். ஆடிப்பூரத்தன்று ரத வீதியில் நெரியும் கூட்டத்தை எது தள்ளுகிறது என்று கேட்டால் அந்த உவமையில் பதில் இல்லை. ஆனால் கோயில் வாசலில் ஒரு கேட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேட் போட்டால்? இரண்டும் தடைதான், ஆனாலும் இரண்டு மடங்கு ஆள் போகும். இணையாக இணைத்த ரெசிஸ்டரில் மொத்தத் தடை குறைகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, அந்த இரண்டாவது கேட்டைப் பார்த்தால் ஏறிவிடும். ஒரு பாடத்துக்கு ஓர் உவமை என்று கட்டிப்போடும் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மறுநாள் காலை அக்கா மகளிடம் ஒப்புக்கொண்டேன். “நேத்து சொன்னது தப்பும்மா. காய் இல்ல, மணி.” நாதம், 992 எல்லாம் சொன்னேன். தலைவாரிக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மணின்னா ஏற்கெனவே ஆடிக்கிட்டும் இருக்கலாம்ல மாமா?”

“இருக்கலாம்.”

“அப்ப அதுல போய்ப் பட்டா? ஊஞ்சல் எதுக்க வரும்போது பந்தைப் போட்டா வேகமா திரும்பி வரும்ல. அது மாதிரி வெளிச்சம் ஆற்றலைக் கூட வாங்கிட்டு வருமா? நீலத்துப் பக்கம் போகுமா?”

போகும். பாதரச நீலத்துக்கு மறுபக்கம், ஊதாவை நோக்கி, அதே 992 தள்ளி ஒரு மங்கிய கோடு உண்டு. மங்கல் ஏனென்றால், சாதாரண வெப்பத்தில் அந்த அதிர்வில் ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறுகள் ரொம்பக் குறைவு. அவள் புத்தகத்தில் அந்தக் கோட்டுக்குப் பெயர் இருக்கும், அதை அவள் இன்னும் படித்திருக்கவில்லை.

“அப்ப பென்சீனைச் சூடு பண்ணினா அந்தக் கோடு பளிச்சுனு ஆகணுமே?” என்றாள், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு.