ஓய்வு பெறுபவரோடு போய்விடும் அறிவு

ஒரு நிறுவனத்தின் சொத்து எது என்று கேட்டால் கட்டடம், இயந்திரம், வங்கிக் கையிருப்பு என்று அடுக்குவோம். ஊழியர்களின் தலைக்குள் இருப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 30 ஆண்டுகள் உழைத்த தொழில்நுட்பருக்கு விருந்து வைத்து, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைக்கிறோம். அடுத்த வாரம் இயந்திரம் மக்கர் செய்யும்போதுதான் அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடுகிறோம்!

இந்த இழப்பைத் தடுப்பதற்கென்றே உருவான பணிதான் அறிவு நிர்வாகம். 1990களில் பெரிய நிறுவனங்களில் வேரூன்றிய இத்துறைக்கு, 2018ல் ஐஎஸ்ஓ 30401 என்ற அனைத்துலகத் தரநிலையும் வந்துவிட்டது. அறிவு நிர்வாகி என்றதும், கணினியில் கோப்புகளை அடுக்கி வைப்பவர் என்று பலர் நினைக்கின்றனர். அவருடைய வேலையில் மிகவும் எளிதான பகுதி அதுதான்.

நகலெடுக்கும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஸெராக்ஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர், அங்கு பழுதுபார்க்கும் ஊழியர்களுடன் கூடவே சென்று கவனித்தார். நிறுவனம் அவர்களுக்குக் கையேடுகளைக் கொடுத்திருந்தது. ஆனால், கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒருவருக்கொருவர் கதை பேசித்தான் தீர்த்துக்கொண்டார்கள். மேலாளர் பார்த்திருந்தால் வெட்டிப் பேச்சு என்று கடிந்துகொண்டிருப்பார்.

1990களில் அந்தப் பேச்சையே 'யுரேகா' என்ற தகவல் தொகுப்பாக்கினார்கள். ஊழியர் தாம் கண்டறிந்த உத்தியை எழுதுவார். சக ஊழியர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயருடன் அது தொகுப்பில் சேரும். பிரேசிலில் சுமார் 40,000 டாலர் மதிப்புள்ள இயந்திரத்தையே மாற்றிவிட நினைத்த ஒருவர், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஊழியர் எழுதிய குறிப்பைப் படித்து, ஒரு டாலர்கூடப் பெறாத பாகத்தை மாற்றிச் சரிசெய்தார்.

எழுதியவர் பெயர் இடம்பெற்றதைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. "தெரிந்ததை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளை என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?" என்ற அச்சம் மூத்த ஊழியர்களிடம் உண்டு. அது நியாயமான அச்சமும்கூட. சொல்லிக் கொடுப்பவருக்குப் பெயரும் வேலைப் பாதுகாப்பும் கிடைக்கும் என்று முதலாளி உறுதி சொல்லாதவரை, எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் அது காலியாகத்தான் கிடக்கும். அந்த உறுதியை மேலிடத்திலிருந்து பெற்றுத் தருவதே அறிவு நிர்வாகியின் முதல் வேலை.

சிங்கப்பூரில் மறுவேலைவாய்ப்பு வயது 2022 ஜூலையில் 68 ஆக உயர்த்தப்பட்டது. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆண்டுகளில் மூத்தவரைப் பழைய வேலையிலேயே உட்கார வைப்பதைவிட, ஓர் இளையரை அவருடன் இணைத்து அனுப்பலாம். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டால் கையேட்டில் உள்ளதையே ஒப்பிப்பார். "கடைசியாக இது நின்றபோது முதலில் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள்?" என்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.