உப்புக் காற்றில் 15 வருடம்

பூஞ்சேரி தாண்டி திருக்கழுக்குன்றம் போகும் சாலையோரம் ஒரு டிங்கரிங் ஷெட். தகரக் கூரை, நாலு சவுக்குக் கம்பு, ஓரத்தில் ஒரு கேஸ் வெல்டிங் செட். ஜாக்கியில் ஏற்றி நிறுத்தியிருந்த வெள்ளைக் காரைப் பார்த்தால் 15 வயது வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயின்ட் பளபளத்தது, எஞ்சின் சத்தமும் சீராக இருந்தது. "ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடல தம்பி, ஒரு சர்வீஸ் தவறவிட்டதில்ல" என்றார் பக்கத்தில் நின்ற ஓனர் பெரியவர்.

டிங்கர் பதில் சொல்லவில்லை. தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடை முன் சக்கரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின் சக்கரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது சத்தம் 'பொத்' என்று அடங்கியது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையால் அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது. அதோடு விரல் நீளத்துக்கு ஒரு பட்டித் துண்டும் பெயர்ந்து விழுந்தது.

"ஐயா, இங்க இரும்பே இல்ல. முன்னாடி யாரோ பட்டி வெச்சு, மேல கறுப்பு அடிச்சு மூடியிருக்காங்க. நீங்க புதுசுல வாங்கினதா, செகண்ட்ஸா?"

"செகண்ட்ஸ்தான். ஏழு வருஷமாச்சு."

அதற்கு மேல் பெரியவர் பேசவில்லை.

பழைய காருக்கு எஃப்.சி. செலவு செய்வது லாபமா, தள்ளிவிடுவது லாபமா என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். கணக்கும் போட்டேன். ஆனால் செங்கல்பட்டிலிருந்து கடலோரம் வரை பத்து நாள் சுற்றி வந்தபின் என் மனதில் நிற்பது அந்த 'பொத்' சத்தம் மட்டும்தான்.

முதலில் கணக்கு. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஜனங்கள் வாயில் அதுதான் எஃப்.சி. 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி.

பெரியவர் சட்டைப் பையில் ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. டயர் நாலு, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், சைலன்சர், மங்கிப்போன ஹெட்லைட், கொஞ்சம் பெயின்ட் டச்-அப், மொத்தம் 38,000. கட்டணத்தையும் சேர்த்தால் 43,000. ஐந்து வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 8,600, மாதத்துக்கு எழுநூறு சொச்சம். எந்தக் காருக்கு இந்தத் தொகையில் தவணை கட்ட முடியும்? அந்தச் சீட்டை மட்டும் பார்த்தால் ரிப்பேர் செய்வதுதான் புத்திசாலித்தனம். எந்தப் பழைய காருக்கு இப்படிக் கணக்குப் போட்டாலும் அநேகமாக அதே விடைதான் வரும். அதனால்தான் இந்தக் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்தது. அடித்தகடு அந்தச் சீட்டில் எந்த வரியிலும் இல்லை.

ரிப்பேரா, தள்ளிவிடுவதா என்ற கேள்வி இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு எழுவதற்குக் காரணம் உண்டு. ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகள் பெருகிய காலத்தில் முதல் கார் வாங்கிய குடும்பங்கள் இங்கே ஏராளம். மறைமலைநகர் கார் ஆலையிலிருந்தும் 2010-ல் ஒரு சின்னக் கார் வந்து, பக்கத்துத் தெருவில் செய்த வண்டி என்ற பாசத்தோடு விற்றது. அவையெல்லாம் வரிசையாக 15-ஐத் தொடுகின்றன. அந்த ஆலையில் கடைசிக் கார் வெளிவந்தது 2022 ஜூலையில். வண்டிகள் மட்டும் இங்கேயே மூப்படைந்துகொண்டிருக்கின்றன.

15 வருடம் ஆனால் காரை நொறுக்கியே தீர வேண்டும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு டெல்லியில் வந்த தடையும், 2023 ஏப்ரலில் அரசு வாகனங்களுக்கு வந்த விதியும் சேர்ந்து கிளப்பிய பயம் அது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயது வரம்பு இல்லை. இந்தப் பயத்தைச் சொல்லியே அடிமாட்டு விலைக்கு வண்டி கேட்கும் புரோக்கரிடம் ஏமாறாதீர்கள்.

இனி உப்பு.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கருங்கல். 1,300 வருடக் காற்று அதன் சிற்பங்களின் முகத்தை வழித்து எடுத்திருக்கிறது. கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசிக் காயவைத்து உரிக்கிறது. கடல் பக்கம் பாறைகளைக் கொட்டிக் கரை கட்டியிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். கருங்கல்லுக்கே இத்தனை பராமரிப்பு தேவைப்படும் ஊரில், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு 15 வருடம் நிற்கிறது.

உப்புப் படிந்த இரும்பு காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பே இழுத்து வைத்துக்கொள்ளும். கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். புயல் என்றால் இன்னும் மோசம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. கடல் தண்ணீரே சாரலாக வந்து வீட்டு வாசல்களில் அடித்தது. மறுநாள் காரின் கண்ணாடியைத் துடைத்தோம். அடியில் யார் தண்ணீர் அடித்தோம்?

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தேவனேரி, பட்டிபுலம், புதுப்பட்டினம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கும். குடிக்கக் கேன் வாங்குகிறோம். காரை மட்டும் அதே போர் தண்ணீரில் தினமும் கழுவிவிட்டு, சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். கழுவக் கழுவ உப்பு ஏறுகிறது. இதை நான் பல வாசலில் பார்த்தேன், பார்த்த இடத்திலெல்லாம் வயிறு பிசைந்தது.

துரு வெளியிலிருந்து உள்ளே போகிறது என்று நினைக்கிறோம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகடு உள்ளே கூடாக இருக்கும் ஒரு பெட்டி. உள்ளே இறங்கும் தண்ணீர் வடிய அதன் அடியில் சின்னத் துளைகள் உண்டு. மணலும் சேறும் அந்தத் துளைகளை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், தகடு உள்ளிருந்தே தின்னப்படும். பெயின்ட் மேல் அம்மை போட்டாற்போல ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். ஓரமாகப் போகும் பிரேக் பைப்புக்கும் இதே கதிதான். உட்காருமிடத்தில் கால்மிதிக்குக் கீழே விரித்த கம்பளம் நனைந்தால் மேலே ஒரே நாளில் காய்ந்துவிடும், அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் முடிச்சூர் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அவை பாலிஷ் போட்டு வேறு ஊர்களில் விலை போயிருக்கின்றன.

எனக்குப் பயம் இதுதான். எஃப்.சி.க்கு முந்தின வாரம் ஷெட்டுக்கு வண்டி கொண்டு வருகிறவர்களில் பலருக்கும் வேண்டியது ரிப்பேர் அல்ல, மூடுவது. பட்டி வைத்துத் தேய்த்து, கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துவிட்டால் அடிப்பாகம் புதுசு போல இருக்கும். காட்டுகிறவருக்கும் நிம்மதி, பார்க்கிறவர் கண்ணுக்கும் குறை தெரியாது. சில சமயம் வண்டியே காட்டிக் கொடுக்கும். சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும்போது, துரு தின்ற இடத்தில் ஓர் எண் பதியவே மறுக்கும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பிடி மாட்டியிருப்பது கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகடை ஒட்டித்தான். பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைக்கும் பேரப்பிள்ளையை, மோதும்போது பிடித்து நிறுத்த வேண்டியது அந்த இரும்பு. அங்கே பட்டி இருந்தால் பெல்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்?

பிரிட்டனில் வருடா வருடம் நடக்கும் கார் சோதனையில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் ஆகியவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி ஃபெயில். அங்கே பட்டி வைத்து அடைப்பது செல்லாது, தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். நம் ஊர் ஷெட்டுக்கும் இந்த 30 செ.மீ. கணக்கைக் கொண்டு போங்கள் என்பேன். கையால் அளந்தால் ஒன்றரைச் சாணுக்குள் வந்துவிடும்.

கதவு, பானெட், முன் பக்க ஃபெண்டர் இவற்றில் துரு என்றால் பயமில்லை. கழற்றி மாட்டுகிற சாமான்கள், சென்னை புதுப்பேட்டையில் பழையதே கிடைக்கும். அடியில் ஒரே இடத்தில் மட்டும் ஓட்டை, சுற்றியுள்ள தகடு தட்டினால் 'டங்' என்கிறது என்றால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். வேலை முடிந்து பெயின்ட் அடிக்கும் முன்னால் வந்து பார்ப்பேன் என்று டிங்கரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு பக்கமும் போய்விட்டது, சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் செதில் செதிலாகப் பெயர்கிறது என்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். நாலு டயர் போட்டுவிட்டோமே என்று ஏற்கெனவே செய்த செலவுக்காக அழவும் வேண்டாம்.

எப்பேர்ப்பட்ட வண்டியையும் தேற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பழைய வண்டி விடும் புகைக்காகவே அதைக் கழித்துவிட வேண்டும் என்போரும் உண்டு. அவரவர் நியாயம் அவரவருக்கு. முதலில் சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு அந்த வாதத்துக்கு வாருங்கள்.

கழிப்பது என்று முடிவானால் அதிலும் ஒரு நேர்மை தேவை. 2021-ல் வந்த வாகனக் கழிவுக் கொள்கைப்படி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் காரை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். புதுக் கார் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை பழைய இரும்புக்குக் கிடைக்கலாம் என்பது கொள்கையின் கணக்கு. அந்தச் சான்றைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. காயலாங்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி. புக்கை பீரோவில் வைத்துக்கொள்வது ஆபத்து. உங்கள் சேஸ் நம்பரில் இன்னொரு வண்டி ஓடினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஓட்ட லாயக்கில்லாமல் போன வண்டியை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது.

அன்று ஷெட்டில் பெரியவருக்கு இன்னொரு யோசனையும் சொன்னார்கள். அந்த ஓட்டையை மறுபடி மூடி, பாலிஷ் போட்டால் திண்டிவனம் பக்கம் எழுபதாயிரத்துக்குப் போகும் என்றார் அங்கே வந்திருந்த ஒருவர். பெரியவர் கொஞ்ச நேரம் அந்தப் பட்டித் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருத்தன் பண்ணினதை நான் இன்னொருத்தனுக்குப் பண்ணவா?" என்று கேட்டார்.

வண்டியை அவர் கழிவுக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் வண்டியை விற்பதாக இருந்தால், சாவியைக் கொடுக்கும் முன் வாங்குகிறவரைக் கூட்டிப்போய் அடியைக் காட்டிவிடுங்கள்.