எண்கள் எங்கே இருக்கின்றன?

கரும்பலகையில் 2 என்று எழுதி அதனை அழித்துவிடலாம். அழிவது சுண்ணக்கட்டியின் கோடே. இரண்டு என்னும் எண் அழிவதில்லை. வீட்டில் 'இரண்டு' என்றும் கடைத்தெருவில் 'தோ' என்றும் கூறும் சிறுமி, இரு மொழிகளிலும் ஒரே எண்ணையே குறிக்கிறாள். பழைய ஓலைச்சுவடிகளில் அதன் வடிவம் '௨' என்பதாகும். சொல்லும் வடிவமும் மாறினாலும் மாறாது நிற்கும் அந்த எண் எங்கே இருக்கிறது?

கண்ணால் காணவோ கையால் தொடவோ இயலாவிடினும் எண்கள் உண்மையாகவே இருக்கின்றன என்பர், கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் வழிவந்தோர். இத்தகையவை அருவப் பொருள்கள் எனப்படும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் மெய்ப்பித்தார். அவர் மெய்ப்பிக்கும் முன்னரும் அவ்வுண்மை இருந்தது என்றே எவருக்கும் தோன்றும். இக்கொள்கையின் வலிமை அதுவே. ஆயினும் இடமும் காலமும் அற்ற ஒன்றை மனித மூளை எவ்வாறு அறிகிறது? இதற்கு அவர்கள் தரும் விடை நிறைவளிப்பதாக இல்லை.

அமெரிக்க மெய்யியலாளர் குவைன் வேறொரு காரணம் காட்டினார். எலக்ட்ரானையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. இயற்பியலுக்குத் தேவைப்படுவதால் அது உண்டென ஏற்கப்படுகிறது. எண்களின்றி இயற்பியல் இல்லை; ஆகவே எண்களும் உண்டு என்றார்.

1980ஆம் ஆண்டில் ஹார்ட்ரி ஃபீல்டு என்பவர், 'எண்களற்ற அறிவியல்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் இதனை மறுத்தார். எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் இம்மறுப்பை விளங்கிக்கொள்ளலாம். 'கூடையில் இரண்டு மாம்பழங்கள் உள்ளன' என்பதை, 'கூடையில் இந்த மாம்பழம் உள்ளது. அந்த மாம்பழமும் உள்ளது. இதுவும் அதுவும் வெவ்வேறு. பிற இல்லை' என்றும் கூறலாம். எண்ணை நாடாமலே செய்தி முழுமை பெற்றுவிடுகிறது. (ஆயிரம் மாம்பழங்களை இவ்வாறு கூற முற்படுபவர் விடியும்வரை கூறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!) எண் உரையைச் சுருக்க உதவும்; ஆனால் இன்றியமையாததன்று என்பது ஃபீல்டின் கருத்து. நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையையே எண்களின்றி, புள்ளிகளுக்கு இடையே உள்ள தொடர்புகளைக் கொண்டு அவர் எழுதிக் காட்டினார்.

அவ்வாறாயின் 'இரண்டும் மூன்றும் ஐந்து' என்பது பொய்யா? பாட்டி சுட்ட வடையைக் காகம் கவர்ந்தது என்பது கதைக்குள் மெய். முறுக்கைக் கவர்ந்தது என்பது கதைக்குள்ளும் பொய். கணக்கின் உண்மையும் அத்தகையதே என்கிறது ஃபீல்டின் கொள்கை. விடைத்தாளில் ஆறு என்று எழுதுபவருக்கு இதனால் மதிப்பெண் கிடைத்துவிடாது.

எண்களை நீக்கிய ஃபீல்டு, வெளியில் எண்ணற்ற புள்ளிகள் உண்டெனக் கொள்ள வேண்டியிருந்தது. எண்களைவிட அப்புள்ளிகள் எவ்வகையில் மேலானவை என வினவினர் மறுப்பாளர். குவாண்டம் இயற்பியலையும் எண்களின்றி எழுத முடியுமா என்பது இன்றும் வாதத்திலேயே இருக்கிறது.