மண் வயிற்றில் ஒரு பிடி நெருப்பு

மெக்சிகோ நாட்டு வீட்டு முற்றங்களிலும் தோட்டங்களிலும் ஒரு மண் அடுப்பைப் பார்க்கலாம். பெரிய பானை ஒன்றின் கழுத்தைப் பிடித்து மேலே நீட்டிவிட்டது போல இருக்கும். கீழே பருத்த வயிறு. வயிற்றின் முன்பக்கம் விறகு போட ஒரு வாய். மேலே போகப்போக ஒடுங்கும் கழுத்து. புகை முகத்தில் அடிக்காமல் அந்தக் கழுத்து வழியாக மேலே போய்விடும். இந்த அடுப்புக்குப் பெயர் சிமினேயா. ஸ்பானிய மொழியில் புகைபோக்கிக்குச் சொல்லும் பெயரே இதற்கும் வந்துவிட்டது. நம்ம வீட்டுச் சிம்னி விளக்கில் இருக்கிற 'சிம்னி'யும் அதே வேரில் முளைத்த சொல்தான்.

"குளிர்காயற அடுப்பு. வெயில் காயற ஊர்ல இருக்கிற நமக்கு இது எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இதை வாங்கி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. தோட்டத்தில் எதை எரிக்கலாம், எதை எரிக்கவே கூடாது, எரித்து மிஞ்சிய சாம்பலை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளும் நம் எல்லோருக்கும் உண்டு. அறுவடை முடிந்ததும் ஒரு தீக்குச்சியில் வயலைச் 'சுத்தம்' பண்ணுகிற பழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்த மூன்று கேள்விக்கும் இந்த மண் அடுப்பிடம் பதில் இருக்கிறது.

மூன்று கல்லில் தொடங்கிய கதை

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு அந்த மண்ணின் அடுப்பு மூன்று கல் அடுப்பு. ஆமாம், நம்ம பாட்டி கூட்டிய அதே மூன்று கல். நவாட்டில் மொழி பேசும் மக்கள் அந்தக் கல்லை 'தெனமாஸ்த்லி' என்பார்கள். அதன் மேல் 'கொமால்' என்ற வட்டமான மண் தட்டு. அதில்தான் மக்காச்சோள ரொட்டி வேகும்.

நெருப்பு அவர்களுக்குச் சாதாரணப் பொருளல்ல. வேவேதெயோத்ல் என்று ஒரு நெருப்புக் கடவுள். முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கும் கிழவர், தலையில் ஒரு கணப்புச் சட்டியைச் சுமந்திருப்பார். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய குயிகுயில்கோவில் அவரது மண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. 52 ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் இருக்கும் எல்லா நெருப்பையும் அணைத்துவிடுவார்கள். பழைய அடுப்புக் கல்லையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மலை உச்சியில் புதிதாகக் கடைந்தெடுத்த நெருப்பில் இருந்து வீடு வீடாகக் கொண்டுபோய் அடுப்பு பற்றவைப்பார்கள். அஸ்டெக் மக்கள் கடைசியாக அந்தச் சடங்கைச் செய்தது 1507-இல். 1521-இல் அவர்களது தலைநகரம் ஸ்பானியர் கையில் விழுந்தது.

வந்தவர்களோடு புகைபோக்கி என்ற சொல்லும் வந்தது. பானை வனையும் கை மட்டும் அந்த ஊர்க் கைதான். சிமினேயாவின் பேர் வெளியே இருந்து வந்தது, மண் உள்ளூர் மண்.

குயவர் ஊர்

மேற்கு மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலம். அதன் பெரிய நகரம் குவாதலஹாரா. அதை ஒட்டி தொனாலா, த்லாகேபாகே என்று இரண்டு ஊர்கள். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர்கள். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பகலில் வெயில் காய்ந்தாலும் குளிர்கால இரவுகளில் உடம்பு நடுங்கும். அந்த மாதிரி மேட்டு நிலத்து முற்றத்தில், இரவு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேச, கூடவே ஏதாவது சுட்டுத் தின்ன, இந்த அடுப்பு பொருந்திப் போகிறது.

சிமினேயா குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம். பீங்கான் மாதிரி இறுகியது அல்ல. சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. அது ஒரு பலம், ஒரு பலவீனம். நம்ம தண்ணீர்ப் பானையைப் போலவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தோடு இருக்கும்போது பெருநெருப்பு போட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் சுவரைப் பிளக்கும். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலும் அதே கதிதான்.

எப்படி எரிகிறது?

தத்துவம் எளிது. சூடான காற்று இலேசாகி மேலே போகும். கழுத்து வழியாக அது வெளியேற வெளியேற, வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுபடும். ஊதுகுழல் வேண்டாம், விசிறி வேண்டாம். வயிறு வளைவாக இருப்பதால் அனல் சுவரில் பட்டு வாய்ப்பக்கம் திரும்பி வருகிறது. ஆகவே முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் நல்ல சூடு. மண் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தீ தணிந்த பிறகும் மெல்ல மெல்ல விடும்.

தீ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. கழுத்து நுனியில் சுவாலை தெரிந்தால் விறகு அதிகம். வயிற்றுக்குள்ளேயே தீ நிற்க வேண்டும். அதாவது, இது பெரிய நெருப்புக்கான அடுப்பே இல்லை.

பழக்கி எடுக்கும் முறை

நம் வீடுகளில் புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவோம் அல்லவா? சிமினேயாவையும் பழக்கித்தான் எடுக்க வேண்டும். மலைப் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்கள், பண்ணைக்கு விருந்தினர் வந்து தங்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் யாராவது வாங்கினாலோ, உள்ளூர் வேளாரிடம் சொல்லிச் செய்தாலோ, இதைக் கவனியுங்கள்.

• சமதளத்தில், ஆடாத தாங்கியில் வைக்க வேண்டும். கூரை, வைக்கோல் போர், காய்ந்த சருகு, தாழ்ந்த கிளை எதுவும் அருகில் கூடாது.

• வயிற்றின் அடியில், வாய்க்குச் சற்றுக் கீழ் வரை மணல் அல்லது எரிமலைக் கல் நிரப்ப வேண்டும். தீ நேராக மண்ணைத் தொடக் கூடாது. மெக்சிகோவில் எரிமலைக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. 1943 பிப்ரவரியில் மிச்சோகான் மாநிலத்தில் தியோனிசியோ புலிதோ என்ற உழவரின் மக்காச்சோள நிலத்திலேயே பூமி பிளந்து பரிகுத்தீன் எரிமலை எழுந்தது. 9 ஆண்டுகள் அது அடங்கவில்லை.

• முதல் நாள் காகிதமும் நாலு சுள்ளியும் போதும். எரிந்து தானாக ஆறட்டும். இப்படி ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கட்டை.

• தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது. அவசரம் என்றால் மணல் போடுங்கள்.

• மழையில் நனைய விடக் கூடாது. நனைந்துவிட்டால் நன்றாகக் காயவைத்து, மறுபடியும் சிறு தீயில் இருந்து தொடங்குங்கள்.

• வீட்டுக்குள் வைக்கவே கூடாது. புகையில் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் இருக்கிறது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

இங்கேதான் நமக்கான பாடம். அந்த அடுப்பின் வாயைப் பாருங்கள். சிறியது. ஒரு கட்டுக் கரும்புத் தோகையையோ, ஒரு கூடை இலையையோ அதில் திணிக்க முடியாது. கவாத்து செய்து நன்றாகக் காய்ந்த, பெருவிரல் தடிமனில் இருந்து மணிக்கட்டு தடிமன் வரையான குச்சி, கட்டைக்கு மட்டுமே அது இடம் கொடுக்கும். மெக்சிகோவில் பின்யோன் பைன் மரத்துக் கட்டையை விரும்பிப் போடுவார்கள், புகை மணக்கும்.

மட்குவதற்குப் பல ஆண்டு பிடிக்கும் கட்டைக்கு அடுப்பு சரி. சில மாதத்தில் மட்கும் இலை, தழை, வைக்கோல், தோகை எல்லாம் மண்ணுக்குச் சொந்தம். எரித்தால் கரிமம் போச்சு, நைட்ரஜன் போச்சு, கந்தகத்தில் பெரும்பகுதி போச்சு. மிஞ்சுவது சாம்பல் மட்டும். மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும், மண்புழுவும் வரும். நாம் காசு கொடுத்து வாங்கும் தழைச்சத்தைத் தீயில் போட்டுவிட்டு, அப்புறம் மண்ணு வளமில்லை என்று புலம்பி என்ன பயன்?

மெக்சிகோ உழவர்களும் இதில் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. காட்டை வெட்டி, எரித்து, மக்காச்சோளமும் அவரை இனமும் பூசணியும் சேர்த்து விதைக்கும் 'மில்பா' முறை அங்கே பழையது. நிலத்துக்குப் பல ஆண்டு ஓய்வு கொடுத்தவரை காடு திரும்ப வளர்ந்தது. ஓய்வுக் காலம் குறையக் குறைய அதே நெருப்பு மண்ணைத் தின்ன ஆரம்பிக்கிறது. இன்னொரு பக்கம், அறுத்த மக்காச்சோளத் தட்டையை எரிக்காமல் மாட்டுக்குப் போடுகிற வழக்கமும் அங்கே பரவலாக உண்டு. தட்டை மாட்டுக்குப் போய், சாணமாக மண்ணுக்குத் திரும்புகிறது.

வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், பூச்சிமருந்து வந்த அட்டைப்பெட்டி இவை எதுவும் அடுப்பு வாயில் போகவே கூடாது. அந்தச் சாம்பல் நாளைக்கு நம் மண்ணுக்குத்தானே வரும்?

சாம்பலுக்கு ஒரு மரியாதை

மெக்சிகோ மக்கள் சாம்பலை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு அவர்கள் உணவே சாட்சி. மக்காச்சோளத்தை அப்படியே அரைக்க மாட்டார்கள். சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவித்தான் அரைப்பார்கள். இதற்கு 'நிஷ்டமால்' என்று பெயர். 'நெஷ்ட்லி' என்றால் சாம்பல், 'தமல்லி' என்றால் மக்காச்சோள மாவு உணவு. சாம்பல் பெயரிலேயே இருக்கிறது! இப்படிச் செய்தால்தான் மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். சுண்ணாம்புச் சத்தும் கூடுகிறது.

ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். விளைவு, அதையே முக்கிய உணவாகத் தின்ற ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய். தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துப் பலர் செத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே துன்பம். விதையை வாங்கும்போது அதோடு சேர்ந்த அறிவையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

இனி மண்ணுக்கு வருவோம். விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சாம்பல் சத்து ஓரளவு, மணிச்சத்து கொஞ்சம். தழைச்சத்து கிடையாது. மண்ணின் புளிப்பைக் குறைக்கும். ஆகவே நீலகிரி போன்ற மலைப் பகுதிகளின் புளிப்பு மண்ணுக்கு நல்லது. களர் மண்ணுக்கும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கும் போடாதீர்கள், கெடுதல்தான். முதலில் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். புளிப்பு மண் என்றாலும் 100 சதுர அடிக்கு ஆண்டுக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். புதுச் சாணம், கோமியத்தோடு சாம்பலைக் கலக்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் கிளம்பிப் போய்விடும். முளைக்கும் விதை மேலும் நேராகக் கொட்ட வேண்டாம். நன்றாக ஆறிய சாம்பலைச் சலித்து, மழை படாமல் வைத்திருந்தால் காய்கறிச் செடியில் அசுவினிக்குத் தூவவும் உதவும். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

ஆசைக்கும் ஒரு அளவு

1990-களில் அமெரிக்காவில் தோட்ட அலங்காரமாக சிமினேயா ஏகமாக விலைபோனது. மண் உடைகிறது என்று வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் அதே வடிவத்தைச் செய்துவிட்டார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குளிர்காய இது நல்லது, ஆனால் சிக்கனமான அடுப்பு அல்ல. சூட்டில் பெரும்பகுதி கழுத்து வழியாக வானத்துக்குப் போகிறது. தினசரிச் சமையலுக்கு இதை நம்பினால் விறகு கட்டுப்படியாகாது.

சமையலுக்கு மெக்சிகோவிலேயே வேறு வழி கண்டார்கள். மிச்சோகானில் புரேபெச்சா பழங்குடிப் பெண்களின் வீடுகளில், மூன்று கல் அடுப்புப் புகைக்கு மாற்றாக 'பட்சாரி' என்ற மூடிய அடுப்பை 2000-களில் கொண்டுவந்தார்கள். கொமால் தட்டு பதித்த மேடை, புகையை வெளியே தள்ளும் குழாய். பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திய அடுப்பு என்பதால் நிலைத்தது. வீட்டுக்குள் புகை குறைந்தது, விறகும் கணிசமாக மிச்சமானது.

முற்றத்துக்கு சிமினேயா, சமையலுக்கு பட்சாரி. இரண்டிலும் விறகு போகிற வாய் சிறியதுதான். நம் வரப்பில் காய்ந்து கிடப்பதைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கக் கை போகும்போது, அந்தச் சின்ன வாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போகாத எதுவும் எரிக்கிற பொருள் இல்லை. கவாத்துக் கட்டையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மற்றதை மரத்தடியில் பரப்பிவிட்டு வாருங்கள்.